அந்த மூன்றையும் கொன்றது வெயில் இல்லை

தம்பி,

சுகம்தானே என்று விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. உன் கார்டு நேற்றுக் காலை கடைக்கு வந்தது. கல்லாவில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது ஒழுகாதுங்களே?" என்று கேட்டாள். "ஒழுகினா கொண்டாந்து என் தலையில ஊத்துங்க" என்று எரிந்து விழுந்தேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். பாத்திர வியாபாரத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் வாடிக்கையை வாயால் விரட்டியது இதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் நீ எழுதிய ஒரே ஒரு வரி.

கொடைக்கானலில் இருக்கும் உன் பழைய புரொபசர் ஃபாதர் உன்னை மறுபடி கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். இங்கிருந்து அவர் கொண்டுபோன அந்த ஒற்றை ஆக்ஸலாட்டல் அங்கே ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்திருக்கிறதாம். திருச்சிக் காலேஜில் திரும்பவும் தொட்டி வைக்கப் போகிறாராம். நீ வந்து பொறுப்பெடுக்க வேண்டும், சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறாராம். அதற்கு நீ, "முடியாதுன்னு எழுதப் போறேன். நம்ம ஊர் வெயில்ல அது ஆகாது, நான் கண்ணால பார்த்தவன்" என்று எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்த்தவனாம்! நீ பார்த்தது நான் காட்டியதை. அந்த மூன்றையும் கொன்றது வெயில் இல்லை. உன் அம்மா. எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உன் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டு. கல்யாணத்தில் எல்லாம் எவர்சில்வராக வைத்தேனே தவிர ஒரு செம்பு அண்டா வைக்கவில்லை என்று அவள் வீட்டார் முகம் சுளித்தார்கள். அதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. அவளுக்கும் விளங்க வேண்டுமென்பதற்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

உன் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. தலையில் பாத்திரக் கூடையை வைத்துக்கொண்டு உறையூரிலும் தென்னூரிலும் தெருத் தெருவாகப் பழைய ஜரிகைப் புடவைக்குப் பாத்திரம் மாற்றினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்துக் கடை பிடிப்பதற்குள் என் உச்சந்தலையில் முடி கொட்டி வழுக்கையே விழுந்துவிட்டது. பாத்திரத்தை விரலால் சுண்டினால் அது என்ன உலோகம், எங்கே வார்த்தது, எந்த இடத்தில் ஈயம் பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்று சொல்வேன். தண்ணீர் வைக்கிற பாத்திரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். என் தப்புக்கு வேர் அந்த நினைப்புத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கோடை விடுமுறைக்குக் கட்டடத்தைப் பூட்டப் போகிறார்கள், ஃபாதர் சீமையிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து வளர்த்தது வீணாகிவிடும் என்று சொல்லி, ஆக்ஸலாட்டல் என்று நாலு ஜந்துக்களை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். பல்லியும் இல்லை, மீனும் இல்லை. நாலு கால், வால், சிரிக்கிற மாதிரி ஒரு வாய், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு இறகாகச் செவுள். மெக்ஸிகோ தேசத்துக் குளிர்ந்த ஏரியில் இருப்பதாம். அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, ரெண்டு பக்கமும் சாமரம் கட்டிண்டு வந்திருக்கே, பெருமாளுக்கு வீசப் போறதா?" என்று கேட்டாள். ஒன்றுக்கு முன்னங்கால் பாதிதான் இருந்தது. "வெட்டுப்பட்டா திரும்ப முளைச்சுக்கும்மா, அதைப் பத்தித்தான் என் ஆராய்ச்சி" என்றாய். "அப்படியே உனக்கும் புத்தி முளைக்குதான்னு பாத்துக்க" என்றேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும், நீ விளையாட்டுக்கு அந்த வேலையைச் செய்யவில்லை என்று.

அதுகளை எதில் வைத்தாய்? குயவரிடம் போய் வாயகன்ற மண் தொட்டி ஒன்று வாங்கி வந்தாய். ஒரு கடை நிறையப் பாத்திரம் வைத்திருக்கிறவளின் மகன் மண் தொட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்நிதித் தெரு வழியாக நடந்து வந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வற்றிப்போன காவேரியிலிருந்து சாக்கில் மணல் கொண்டுவந்து பின்கட்டில் கொட்டி, அதில் தொட்டியைப் பாதி புதைத்தாய். சுற்றிலும் ஈரச் சாக்கு. இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டித் தண்ணீரின் மேல் காற்றுப் படுகிற மாதிரி வைத்தாய். உனக்குச் சோறு போட்டவளுக்குப் பனையோலை விசிறி, உன் ஜந்துக்களுக்கு மின்சார விசிறி. எவர்சில்வர் தூக்குச்சட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, இறுக்கி மூடி, காலையிலும் சாயங்காலமும் தொட்டியில் மிதக்கவிட்டாய். உஷ்ணமானியில் ஓர் இடத்தில் சிவப்பு நூலைக் கட்டி, "இதுக்கு மேல ஏறக் கூடாது" என்றாய். கத்திரி வெயிலில் பின்கட்டுத் தரையில் கால் வைக்க முடியாது. தொட்டிக்குள் கையை விட்டால் மார்கழி மாதிரி இருக்கும். நான் வாய் திறந்து உன்னைப் பாராட்டவில்லை. மனசுக்குள் பையன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பரீட்சைப் பேப்பர் திருத்த உன்னை ஐந்து நாளைக்கு மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். போகும் முன்னால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பதினோரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினாய். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து அப்புறம்தான் ஊற்ற வேண்டும், ஐஸ் நேராகத் தண்ணீரில் விழக் கூடாது, மண்புழுவைத் துண்டாக்கிப் போட வேண்டும், வெளிச்சம் படக் கூடாது, கையால் தொடக் கூடாது என்று கூடாது கூடாதாகவே எழுதியிருந்தாய். ஒன்றுக்காவது ஏன் என்று எழுதவில்லை. "ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்னடா செய்யறது?" என்று கேட்டேன். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே நீ சொன்னது ஞாபகமிருக்கிறதா? "அம்மா, நீ ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும்." அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நீ படித்திருக்கவே மாட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நாலு நாள் உன் விதிப்படியே ஓடியது. கடையை மத்தியானம் அடைத்துவிட்டு பஸ் பிடித்து வந்து ஐஸ் மாற்றினேன். அருவருப்புக்கூடப் போய்விட்டது, எது எந்தப் பக்கம் படுக்கும் என்பதுவரை பழகிவிட்டேன். ஐந்தாம் நாள் ஐஸ் கடைக்குப் போனால் கதவு பாதி சாத்தியிருக்கிறது. "மெஷின் படுத்துக்கிச்சும்மா. பார்ட் மெட்ராஸ்லேர்ந்து வரணும்" என்றார். "எப்பங்க வரும்?" "வரும்போது வரும்." "இதென்னங்க பதில்? உயிர் போற அவசரம்." "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று பதறிக் கேட்டார். யாருக்கு என்று நான் சொல்வது? மூன்று இடத்தில் அலைந்தேன். ஒரு சோடாக் கடையில் மட்டும் ஒரு கைப்பிடி கொடுத்தார்கள்; அது பாலம் தாண்டுவதற்குள் முந்தானையில் தண்ணீராகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் கரண்டும் இல்லை, ஃபேன் நின்றுபோயிருந்தது. பாதரசம் உன் சிவப்பு நூலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. நாலும் செவுளைச் சுருட்டிக்கொண்டு, மேலே வந்து வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஈரச் சாக்கை மட்டும் மாற்றிக்கொண்டு, விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உன் விதியில் ஏழாவது அதுதான். ஆனால் நான் கைகட்டி உட்கார்ந்து பழகியவள் இல்லை. நீ சொல்லிவிட்டுப் போன வார்த்தை வேறு உள்ளே குடைந்துகொண்டிருந்தது. மண் சூட்டைப் பிடித்துக்கொள்ளும், செம்பு உடனே ஆறிவிடும், செம்புக் குடத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லி எத்தனை குடம் விற்றிருக்கிறேன்! உன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய செம்பு அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினேன். புளி போட்டு, சாம்பல் போட்டு, முகம் பார்க்கிற மாதிரி தேய்த்தேன். மாமி வந்து நின்று, "தாமிரத்துல தீர்த்தம் கெடவே கெடாது, பேஷா வையுங்கோ" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் சொல்லாவிட்டாலும் வைத்திருப்பேன். தண்ணீர் ஊற்றி, வெளியே ஈரத்துணி சுற்றி, மூன்றை வலைக்கரண்டியால் அள்ளி அதில் விட்டேன். கால் முளைத்துக்கொண்டிருந்ததே, அது தொட்டிக்குள் நீ போட்டுவைத்திருந்த ஓட்டுத் துண்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பிடித்து இழுத்தால் புதுக்காலும் பிய்ந்துவிடுமோ என்று அதை மட்டும் மண் தொட்டியிலேயே விட்டேன்.

இதையும் கேள். அரைமணி நேரத்தில் அண்டாவில் உஷ்ணமானி இரண்டு கோடு இறங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாமியைக் கூப்பிட்டு, "பாருங்க மாமி, எம்.எஸ்ஸி. படிச்சவனுக்குத் தெரியாதது பாத்திரக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பீற்றிக்கொண்டேன். நீ வந்ததும் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் உன்னைக் குத்த வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், மூன்றும் அடியில் புரண்டு கிடந்தன. உடம்பெல்லாம் சளி மாதிரி உரிந்திருந்தது. சாமரச் செவுள் சாயம் போய் வெளுத்திருந்தது. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மண் தொட்டிக்கு ஓடினேன். நொண்டி, அந்தச் சூட்டுத் தண்ணீரில், மூச்சு வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தது.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. அதே கிணறு, அதே தண்ணீர், அதே வெயில். சூடு குறைந்த இடத்தில் இருந்தவை செத்தன, கூடிய இடத்தில் இருந்தது பிழைத்தது. இதைப் புரிந்துகொள்ள காலேஜ் வேண்டாம். ஆனால் நீ அன்று காலை ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தாய். நான் மூன்றையும் எடுத்து மண் தொட்டியில் போட்டேன். அண்டாவைக் கவிழ்த்துத் துடைத்துப் பரணில் ஏற்றினேன். நீ வந்தாய், செருப்பைக் கழற்றாமலே பின்கட்டுக்கு ஓடினாய், மணலில் அப்படியே உட்கார்ந்தாய். "ஐஸ் வரலியாம்மா?" என்று கேட்டாய். "வரலடா" என்றேன். அது பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டதுதான் பொய். மாமி ஏதோ சொல்ல வந்தாள். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

ஏன் மறைத்தேன்? வெட்கத்தால் என்று சொன்னால் அது பாதிதான். கடையில் செம்பு விற்கிறவள், செம்பில் வைத்தது செத்தது என்று தன் வாயால் எப்படிச் சொல்வாள், எவர்சில்வர் வந்து செம்பை யாரும் சீண்டாத காலத்தில்? அதுவும் ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கை கூசுகிறது. நீ ஃபாதருக்கு, "இந்தச் சீதோஷ்ணத்தில் இயலாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சியை விட்டுவிட்டு, மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கியபோது, மகன் ஒரு வழியாக நாலு பேர் செய்கிற உத்தியோகத்துக்கு வந்தான் என்று உள்ளே ஒரு நிம்மதி. உன் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே அந்த நிம்மதியை அனுபவித்தேன். பெற்றவள் இப்படியும் இருப்பாள் என்று தெரிந்துகொள்.

என்னைத் திட்டிவிட்டேன், இனி உன்னைத் திட்டுகிறேன். உனக்குப் பத்து வயதில் வாய்க்காலிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்துவந்து செம்புச் சொம்பில் போட்டுவைத்தாய். மறுநாள் எல்லாம் செத்து மிதந்தன. தண்ணீர் மாற்றவில்லை என்று சொல்லி உன் தொடையில் இரண்டு வைத்தேன். அப்போது அழுதுகொண்டே நீ, "மாத்தினேன்மா, மூணு தடவ மாத்தினேன்" என்றாய். நான் நம்பவில்லை. ஆனால் மாற்றியவன் நீ அல்லவா? பிறகாவது ஏன் செத்தது என்று நீ கேட்டுக்கொண்டாயா? அந்த வயதில் கேட்காவிட்டால் போகட்டும். பெரியவனானபின், தொட்டியில் நாலில் மூன்று செத்து ஒன்று பிழைத்திருக்கிறது, அதுவும் காலில்லாத நோஞ்சான் பிழைத்திருக்கிறது என்றால், படித்தவன் சந்தேகப்பட வேண்டாமா? என் கடையில் நாலு குடம் வாங்கியவர் மூன்று ஒழுகுகிறது என்று வந்தால், நான் அடுப்பையும் வெயிலையும் குறை சொல்ல மாட்டேன். ஒழுகாத நாலாவது குடத்தை வாங்கித்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். நீ அந்த நாலாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவில் போட்டு ஃபாதரிடம் கொடுத்துவிட்டாய். பின்கட்டில் அத்தனை மணலும் சாக்கும் ஃபேனும் வைத்து, வெயிலை ஒரு மாசம் தோற்கடித்தவன் நீ. ஒரே ஒரு நாள் காலையில் கண்டதை வைத்து, வெயில் ஜெயித்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

வெறும் நினைப்பை வைத்து உனக்கு எழுதக் கூடாது என்று, நேற்றுக் கார்டு வந்ததுமே ஒரு காரியம் செய்தேன். மீன்காரம்மாவிடம் உயிரோடு கெண்டைக் குஞ்சு ஆறு வாங்கினேன். "ஆறு குஞ்சுல என்னங்க கொழம்பு?" என்று கேட்டாள். "கொழம்பு இல்ல, கோர்ட்டு" என்றேன். அதே அண்டாவை அதே மாதிரி புளி போட்டுத் தேய்த்து மூன்றை அதில் விட்டேன், மூன்றை உன் பழைய மண் தொட்டியில் விட்டேன். இன்று காலை அண்டாவில் மூன்றும் மிதந்தன. மண் தொட்டியில் மூன்றும் நான் இதை எழுதுகிற இந்த நேரம்வரை சுற்றிக்கொண்டிருக்கின்றன. மாமியையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறி எட்டிப் பார்த்துவிட்டு, "நாம குடிக்கறோம், அதுகள் அதுலயே இருக்கறதுகள், இல்லையோ?" என்றாள். அவ்வளவுதான் விஷயம். தேய்த்த செம்பு தண்ணீரில் துளித் துளியாக இறங்குகிறது; ஒரு வாய் குடிக்கிற நமக்கு அது ஒன்றும் செய்யாது, அதிலேயே கிடந்து செவுளால் மூச்சு விடுகிறதுக்கு விஷம். அது என் புத்திக்கு எட்ட இத்தனை வருஷமும் மூன்று உயிரும் உன் படிப்பும் செலவாகியிருக்கிறது.

நீ வேலையை விட்டுவிட்டு வந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாணமானவன் நீ, அவளோடு பேசிக்கொள். மாதச் சம்பளம் குறையும், அதுவும் எனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று தோன்றினால் அதையே எழுது, மருந்து விற்கத்தான் பிடித்திருக்கிறது என்று எழுது. வெயிலின் தலையில் மட்டும் போடாதே. வருவதாக இருந்தால், ஃபாதருக்கு எழுதும்போது, "எதிர்பாராத விபத்து" என்று பூசி மெழுகாதே. என் அம்மா, பாத்திரக் கடைக்காரி, புளி போட்டுத் தேய்த்த செம்பு அண்டாவில் மாற்றிவைத்துக் கொன்றுவிட்டாள் என்று எழுது. பூசி மறைத்த ஓட்டை எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அண்டாவை இன்று ஓட்டைப் பாத்திரக்காரரிடம் உருக்கப் போட்டுவிட்டேன். மண் தொட்டியை மட்டும் கழுவவில்லை, கெண்டைகள் இருக்கின்றன. உன் காலண்டர் தாள் பின்கட்டுச் சுவரில் பழுப்பேறி அப்படியே இருக்கிறது. பதினோராவது விதிக்குக் கீழே இடம் இருந்தது. பேனாவை எடுத்து, பன்னிரண்டு என்று போட்டு, "செம்பில் வைக்கக் கூடாது" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். நீ எழுதாமல் விட்டதையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன், ஏன் கூடாது என்று.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

அம்மா